பொரியல் ஏன் தண்ணீர் விடுகிறது, பச்சை நிறம் ஏன் போகிறது?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பந்தியில் போடும் பீன்ஸ் பொரியல் பச்சைப்பசேலென்று, உதிர் உதிராக இருக்கிறது. வீட்டில் நீங்கள் பீன்ஸோ கோஸோ எதைச் செய்தாலும் அடியில் தண்ணீர் நிற்கிறது, நிறம் மங்குகிறது, காய் குழைந்துவிடுகிறது. அவர்கள் ஏதோ தனிப் பொடி போடுகிறார்கள் என்று நினைத்து, அது என்ன பொடி என்று கேட்டிருக்கிறீர்கள். பந்திப் பொரியலில் அப்படி ஒரு பொடி கிடையாது. கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம், தேங்காய், உப்பு, அவ்வளவுதான். உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருப்பதேதான் அங்கேயும் இருக்கிறது. அதனால் உங்கள் கேள்வியை, காய்க்குள் இருக்கும் தண்ணீரை என்ன செய்வது என்ற கேள்வியாக எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் கேட்டரிங் படித்தவன். படிப்பு முடிந்ததும் கல்யாணச் சமையல் செய்யும் ஒரு குழுவில் பல வருடம் இருந்தேன். இப்போது வீட்டுச் சமையலைச் சின்ன வகுப்புகளாகச் சொல்லித் தருகிறேன். வகுப்புக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கொண்டுவருவது இதே புகார்தான். சாம்பாரும் ரசமும் நன்றாக வைப்பவர்களுக்குக்கூட பொரியல் சரியாக வருவதில்லை. சுலபமான வேலை என்று நினைத்து, சாதம் வெந்துகொண்டிருக்கும்போது ஓரத்து அடுப்பில் போட்டு மூடிவிட்டுப் போய்விடுகிறோம். பொரியலுக்குக் கொஞ்ச நேரம் போதும். ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். பீன்ஸின் எடையில் ஏறக்குறைய 90 சதவீதம் தண்ணீர். கோஸில் 92 சதவீதம் வரை இருக்கும். சௌசௌ, புடலங்காய் இரண்டிலும் அதைவிட அதிகம். உருளைக்கிழங்கில் 80 சதவீதத்துக்குப் பக்கம். அதாவது கால் கிலோ கோஸ் நறுக்கிப் போட்டால், நீங்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாவிட்டாலும் வாணலியில் ஒரு டம்ளருக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. சூடு ஏறும்போது காயின் உள்சுவர்கள் தளர்ந்து அந்தத் தண்ணீர் வெளியே வரும். வருகிற வேகத்திலேயே ஆவியாகிப் போய்விட்டால் பொரியல் உதிரியாக இருக்கும். வருகிற வேகம் ஆவியாகும் வேகத்தைத் தாண்டிவிட்டால், காய் தன் தண்ணீரிலேயே வேகத் தொடங்கிவிடும், கூட்டு மாதிரி ஆகிவிடும். எல்லாத் தவறும் இந்த ஒரே இடத்தில்தான் நடக்கிறது. குறுகலான வாணலி, வாணலி நிறையக் காய், குறைந்த தீ, மேலே மூடி, ஆரம்பத்திலேயே உப்பு. இந்த ஐந்தில் மூன்று சேர்ந்தாலே போதும், தண்ணீர் நின்றுவிடும்.

கல்யாணச் சமையலில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று சொல்கிறேன். இருபது கிலோ பீன்ஸை ஒரே உருளியில் போட்டு வதக்கி உதிரியாக எடுப்பது நடக்காத காரியம். அடியில் இருப்பது கருகும், மேலே இருப்பது பச்சையாக நிற்கும். அதனால் காயை முதலில் தனியாக வேகவைத்துவிடுவார்கள். பெரிய அண்டாவில் பாதிக்கு மேல் தண்ணீர் வைத்து, கல்லுப்பு போட்டு, தளதளவென்று கொதிக்கவிடுவார்கள். கொதி அடங்காத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பீன்ஸைப் போடுவார்கள். மூடி கிடையாது. எங்கள் மாஸ்டர் கடிகாரம் பார்த்து நான் கண்டதில்லை. ஜல்லிக்கரண்டியில் நாலு துண்டு எடுத்து, ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்துவார். நசுங்காமல் லேசாக விட்டுக்கொடுத்தால் முக்கால் பதம். உடனே இறக்கு என்பார். அரை நிமிடம் தாமதித்தாலும் சத்தம் போடுவார். வடித்த காயைக் கூடையிலேயே குவித்து வைக்க விடமாட்டார். சுத்தமான வேட்டியை விரித்து, அதன் மேல் விரல் தடிமனுக்குப் பரப்பச் சொல்லுவார். குவித்து வைத்தால் உள்சூட்டிலேயே மீதி வெந்து, பந்தி நேரத்துக்குள் நிறம் போய்விடும். பரப்பினால் ஆவி பறந்து, மேலே ஒட்டியிருக்கும் ஈரமும் காய்ந்துவிடும். அதற்கப்புறம் உருளியில் தாளிப்பு, காய், ஒரு புரட்டு, தேங்காய், இறக்கு. அடுப்பில் காய் இருக்கும் நேரம் மிகக் குறைவு. நீங்கள் பந்தியில் பார்த்த பச்சை நிறத்தின் ரகசியம் அந்த வேட்டியில்தான் இருக்கிறது.

பச்சை நிறம் ஏன் போகிறது என்பதும் தெளிவாகத் தெரிந்த விஷயம். இலைக்கும் காய்க்கும் பச்சை தருகிற குளோரோஃபில்லின் நடுவில் ஒரு மெக்னீசியம் இருக்கிறது. சூட்டில் காயிலிருந்தே கொஞ்சம் அமிலம் வெளியே வரும். அந்த அமிலம் மெக்னீசியத்தை வெளியேற்றிவிட்டால் பச்சை போய், பழுப்பு கலந்த பாசி நிறம் வந்துவிடும். கவனித்துப் பாருங்கள், பீன்ஸைக் கொதிநீரில் போட்ட முதல் நிமிடத்தில் நிறம் முன்னைவிடப் பளிச்சென்று ஆகும். காய்க்குள் அடைபட்டிருந்த காற்று வெளியேறுவதால் வரும் பளிச்சு அது. ஏழெட்டு நிமிடத்தைத் தாண்டும்போது மங்கல் தெரிய ஆரம்பிக்கும். மூடி போட்டால் ஆவியோடு போக வேண்டிய அமிலம் மூடியில் பட்டுத் திரும்பக் காயிலேயே சொட்டும். புளியோ தக்காளியோ எலுமிச்சையோ ஆரம்பத்திலேயே சேர்த்தால் நிறம் இன்னும் சீக்கிரம் போகும். புளிப்பு சேர்ந்தால் காய் வேகவும் நேரமாகும், அதனால் புளிப்பு எதுவாக இருந்தாலும் காய் வெந்த பிறகுதான்.

சில இடங்களில் ஆப்பசோடா ஒரு சிட்டிகை போடுகிறார்கள். நிறம் நிற்கும், அது உண்மை. ஆனால் காயின் சுவரை அது கரைத்துவிடும், வெளியே பச்சையாகவும் உள்ளே கொழகொழவென்றும் ஆகும். தயமின் என்கிற பி1 வைட்டமினும் கெடும். அதோடு மஞ்சள்தூள் சேர்ந்தால் சோடாவில் மஞ்சள் சிவந்து, பொரியலில் செம்பழுப்பாகத் திட்டுத்திட்டாகத் தெரியும். வீட்டில் நாலு பேர் சாப்பிடுகிற பொரியலுக்கு அது தேவையே இல்லை. தயவுசெய்து போடாதீர்கள்.

சரி, பந்தி முறையை வீட்டிலும் அப்படியே செய்ய வேண்டுமா? விருந்தாளிகள் வருகிறார்கள், காலையில் செய்து மதியம் பரிமாற வேண்டும் என்றால் செய்யுங்கள். கால் கிலோ பீன்ஸுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு டீஸ்பூன் கல்லுப்பு. அரை சென்டிமீட்டர் அளவுக்குப் பொடியாக நறுக்கியிருந்தால் நாலைந்து நிமிடம் போதும். வடித்துத் தட்டில் பரப்பி ஆறவிட்டுத் தாளியுங்கள். ஆனால் தினசரிச் சமையலுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். வடிக்கிற தண்ணீரோடு சி வைட்டமினும் ஃபோலேட் என்கிற பி9 வைட்டமினும் ஓரளவு போய்விடும், காயின் தித்திப்பும் கொஞ்சம் போகும். அந்தத் தண்ணீரை ரசத்துக்கோ சாம்பாருக்கோ விட்டால் பாதி நஷ்டம் ஈடாகும். இருந்தாலும் காயிலேயே இருப்பது மேல்.

தினசரிக்கு நான் செய்வது இப்படி. உங்களிடம் இருப்பதிலேயே அகலமான வாணலியை எடுங்கள். காய் ஒரு அங்குலத்துக்கு மேல் குவியக்கூடாது, குவிந்தால் இரண்டு தடவையாகச் செய்யலாம். கால் கிலோ பீன்ஸுக்கு இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் தாளித்து, காயைப் போட்டு, நடுத்தரத்துக்கு மேலான தீயில் ஒரு நிமிடம் புரட்டுங்கள். அரை டீஸ்பூன் உப்பு, நாலு டேபிள்ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூன்று நிமிடம் மட்டும் மூடுங்கள். பீன்ஸுக்கு இந்த மூன்று நிமிட மூடி வேண்டும், அதன் தோல் கெட்டி. பிறகு மூடியை எடுத்துவிட்டுத் தீயைக் கூட்டி, தண்ணீர் சுண்டும் வரை புரட்டுங்கள். காதைக் கொஞ்சம் கொடுங்கள். தண்ணீர் இருக்கும் வரை கொதிக்கிற மந்தமான சத்தம் வரும். தண்ணீர் சுண்டிய உடனே சத்தம் மாறி, எண்ணெயில் காய் பொரிகிற சடசடப்பு கேட்கும். அந்தச் சடசடப்பு வந்து அரை நிமிடத்தில் இறக்க வேண்டும். நிமிடக் கணக்கைவிட அந்தச் சத்தத்தை நம்புங்கள். உங்கள் அடுப்பின் தீயும் வாணலியின் கனமும் எனக்குத் தெரியாது. முற்றின பீன்ஸுக்கு நான் சொன்ன நேரம் போதாது. நார் உரிக்கும்போதே நீளமாக வந்தால் அது முற்றல். எவ்வளவு திறமை இருந்தாலும் அதை இளசாக்க முடியாது, அதைச் சாம்பாரில் போடுங்கள்.

கோஸுக்கு முறையே வேறு. தண்ணீர் தெளிக்கவே கூடாது, மூடவும் வேண்டாம். முழுசாகவோ நாலாக வெட்டியோ கழுவி, தண்ணீரை நன்றாக வடித்து, அப்புறம் மெல்லிசாக நறுக்குங்கள். நறுக்கிய பிறகு கழுவினால் ஒவ்வொரு இழையிலும் ஒட்டுகிற தண்ணீரும் வாணலிக்குள் வந்துவிடும். நல்ல தீயில் ஐந்தாறு நிமிடம் புரட்டினால் போதும், கடித்தால் லேசாக நறுக்கென்று இருக்க வேண்டும். கோஸில் கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. வேகவேக அவை உடைந்து அந்த அழுகின முட்டை வாடை கூடிக்கொண்டே போகும். பிள்ளைகள் கோஸ் வேண்டாம் என்று ஒதுக்குவதற்குப் பெரும்பாலும் அந்த வாடைதான் காரணம். பாதி நேரத்தில் இறக்கிக் கொடுத்துப் பாருங்கள், சாப்பிடுவார்கள்.

உப்பு எப்போது போடுவது என்பதில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். உப்பு காயிலிருந்து தண்ணீரை இழுக்கும், அதில் மறுபேச்சில்லை. அதனால் ஏற்கெனவே தண்ணீர் அதிகமுள்ள கோஸ், வெண்டைக்காய், புடலங்காய் எல்லாவற்றுக்கும் கடைசியில் போடுங்கள். பீன்ஸ், கொத்தவரங்காய், கேரட் போன்ற கெட்டியான காய்களுக்கு முன்னாலேயே போடலாம். அது இழுத்து வரும் தண்ணீரிலேயே காய் வேகும். உப்பைக் கடைசியில் போட்டால் உள்ளே இறங்காது என்பார்கள். பெரிய துண்டு உருளைக்கிழங்குக்கு அது சரி. மெல்லிசாக நறுக்கிய கோஸுக்குப் பொருந்தாது, இரண்டு புரட்டில் ஏறிவிடும். அளவு தெரியாமல் தடுமாறினால், காயின் எடையில் நூற்றில் ஒரு பங்கு உப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கோஸ் வாணலியில் மலைபோல் தெரியும், வெந்ததும் பாதியாகச் சுருங்கும். மலையைப் பார்த்து உப்பு போட்டால் கரித்துவிடும்.

வெண்டைக்காயை முழுசாகக் கழுவித் துணியில் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகே நறுக்குங்கள். அதன் கொழகொழப்பு தண்ணீரில் கரைந்து பெருகும் வகை. எண்ணெய் கொஞ்சம் தாராளமாக வேண்டும், மூடி கூடாது. பாதி வதங்கியதும் ஒரு ஸ்பூன் கெட்டித் தயிரோ புளிக்கரைசலோ விட்டால் நூல் நூலாக இழுப்பது அறுந்துவிடும். நிறம் கொஞ்சம் மங்கும்தான், வெண்டைக்காயில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். புடலங்காயை நறுக்கி உப்புப் பிசறிப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்துவிட்டுச் செய்யுங்கள், பிறகு உப்பு சேர்க்கும்போது ருசி பார்த்துச் சேருங்கள். பிழிய மனம் வராதவர்கள் ஊறவைத்த பாசிப்பருப்பு ஒரு கைப்பிடி சேர்க்கலாம். பருப்பு அந்தத் தண்ணீரைக் குடித்துத் தானும் வெந்துவிடும். நம் ஊரில் புடலங்காயிலும் கோஸிலும் பருப்பு சேர்ப்பது இந்த வகையில் ரொம்பப் பொருத்தமான பழக்கம். வாழைக்காயை நறுக்கியதும் தண்ணீரிலோ மோர் கலந்த தண்ணீரிலோ போடுங்கள், இரும்பு வாணலி வேண்டாம். அதிலுள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுத்துவிடும்.

தாளிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், உங்கள் பொடிக் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. எண்ணெய் சரியாகக் காய்ந்ததா என்று பார்க்க நாலு கடுகு போடுங்கள். உடனே வெடித்தால் சரி, அடியில் சும்மா கிடந்தால் இன்னும் காய வேண்டும். கடுகுக்குள் இருக்கும் துளி ஈரம் ஆவியாகித் தோலைக் கிழிக்கிறது, அதுதான் அந்த வெடிப்பு. வெடிக்காத கடுகு பல்லில் பட்டால் கசக்கும், வெடித்தது முந்திரி மாதிரி மணக்கும். கடுகு பாதி வெடிக்கும்போது உளுத்தம்பருப்பைப் போட்டுத் தீயைக் குறையுங்கள். பருப்பு வெளுத்த மஞ்சளிலிருந்து பொன்னிறத்துக்குத் திரும்பும் நேரத்திலேயே காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை, அடுத்த மூச்சில் காய். பருப்பு முழுப் பொன்னிறம் வரட்டும் என்று காத்திருந்தால், மிளகாய் போடுவதற்குள் அது சிவந்து கசந்துவிடும். கடலைப்பருப்பும் போடுகிறவர்கள் அதை உளுந்துக்கு முன்னால் போடுங்கள், அதற்கு நேரம் அதிகம் வேண்டும். காரப் பொடி, சாம்பார் பொடி எல்லாம் உருளை, வாழைக்காய், சேப்பங்கிழங்கு மாதிரி மாவுள்ள காய்களுக்கு. அவற்றையும் வெறும் எண்ணெயில் போட்டால் கருகும், காய் வதங்கிய பிறகு தூவுங்கள். பீன்ஸ், கோஸ், கேரட் மூன்றுக்கும் பொடி போட்டால் காயின் ருசியே தெரியாமல் போய்விடும் என்பது என் அபிப்பிராயம். மிளகாய் வேண்டாதவர்கள் பொடித்த மிளகும் சீரகமும் கடைசியில் தூவலாம். திவசச் சமையலில் இன்றும் மிளகாய் சேர்க்காமல் மிளகு, சீரகம் வைத்துத்தான் செய்கிறார்கள். பீன்ஸ், கோஸ், கேரட் மாதிரி இங்கிலீஷ் காய்களும் அதில் வராது. அவரைக்காய், கொத்தவரங்காய், வாழைக்காயை மிளகு போட்டுச் செய்து சாப்பிட்டுப் பாருங்கள், அருமையாக இருக்கும்.

எண்ணெய் உங்கள் ஊர் வழக்கப்படி. கன்னியாகுமரிப் பக்கம் தேங்காய் எண்ணெயில் செய்வார்கள், எனக்கு கோஸ் பொரியல் அதில்தான் பிடிக்கும். தேங்காய்த் துருவல் கால் கிலோ காய்க்கு மூன்று டேபிள்ஸ்பூன் போதும், அடுப்பை அணைத்துவிட்டுப் போட்டால் வெள்ளையாக, பாலோடு இருக்கும். ஆனால் மதியம் வரை டப்பாவில் இருக்க வேண்டிய பொரியலுக்கு அப்படிப் போடாதீர்கள், வெயில் காலத்தில் பச்சைத் தேங்காய்தான் முதலில் ஊசிப்போகும். தீயிலேயே ஒரு நிமிடம் வதக்குங்கள், பொரியலைத் தட்டில் கொட்டி நன்றாக ஆறவைத்து அதன்பின் டப்பாவை மூடுங்கள். சுடச்சுட மூடினால் மூடியில் கோத்த ஆவி திரும்பச் சொட்டும், காலையில் உதிரியாக இருந்தது மதியம் சொதசொதவென்று இருக்கும். நீங்கள் ஆபீஸுக்குக் கொண்டுபோகிறவர் என்றால், உங்கள் பிரச்சினையில் பாதி இதுவாகவே இருக்கலாம்.

இனி எனக்கு நம்பிக்கை குறைவான விஷயங்கள். வேகும்போது ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டால் பச்சை நிற்கும் என்று பலர் சத்தியம் செய்வார்கள். போட்டும் போடாமலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் நிறத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, ருசியில் தெரிந்தது. முற்றல் காயாக இருந்தால் ருசிக்காகப் போடலாம். மூடாமல் வேகவைத்தால் நிறம் மாறவே மாறாது என்பதும் பாதிதான் சரி. மூடாவிட்டாலும் பதினைந்து நிமிடம் வெந்தால் எந்தப் பச்சைக் காயும் மங்கும். நேரம்தான் முக்கியம், மூடி அதற்கு அடுத்தது. போர் தண்ணீரில் காய் வேக நேரமாகிறது என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். அது இருக்கக்கூடியதே, தண்ணீரிலுள்ள கால்சியம் காயின் சுவரை இறுக்கும். ஆனால் நாலு ஸ்பூன் தெளித்துச் செய்யும் பொரியலில் அது பெரிதாகக் காரணமாகாது. வடித்துச் செய்கிற அன்றைக்கு மட்டும் குடிநீரில் வேகவைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். உறைய வைத்த பாக்கெட் பீன்ஸ் என்றால் மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. அதை ஏற்கெனவே கொதிநீரில் போட்டு எடுத்துத்தான் உறைய வைக்கிறார்கள், உறையும்போது உள்சுவர்களும் கிழிந்திருக்கும். கரைய விடாமல் நேராகச் சூடான வாணலியில், கொஞ்சமாகப் போட்டு, பெரிய தீயில் புரட்டுவதுதான் வழி. அப்படியும் புதுக்காயின் நறுக்கு அதில் வராது. வட இந்திய சப்ஜி வகைகளை நான் தொழிலாகச் செய்ததில்லை, நான் எழுதியது எல்லாம் நம் பக்கத்துப் பொரியலுக்கு மட்டும்.

கடைசியாக, இன்றைக்கே பொரியல் தண்ணீர் விட்டு நிற்கிறது, சாதம் தயார், என்ன செய்வது என்றால், கிளறிக்கொண்டே இருக்காதீர்கள், காய் உடைந்து இன்னும் தண்ணீர் விடும். காயை ஓரமாக ஒதுக்கி நடுவில் குழி செய்து, தண்ணீரை அங்கே சேரவிட்டுப் பெரிய தீயில் சுண்டவிடுங்கள். காய் ஏற்கெனவே குழைந்திருந்தால் அதற்கும் காத்திருக்க வேண்டாம். பொட்டுக்கடலையைப் பொடித்து ஒரு டேபிள்ஸ்பூன் தூவிப் புரட்டுங்கள், ஈரத்தை உடனே இழுத்துக்கொள்ளும். பருப்புப் பொடியும் போடலாம், அதில் உப்பு இருக்கும், பார்த்துப் போடுங்கள்.